நம்ம கைக்கு எட்டுற காலேஜ்

தங்கைக்கு அண்ணன் மேல் மருந்துக்குக்கூட மரியாதை கிடையாது. பத்தாவதையே முட்டி மோதித் தாண்டியவன். ஒரு பழைய வேனை வாங்கி வைத்துக்கொண்டு, கேட்கிறவர்களிடமெல்லாம் "டிரான்ஸ்போர்ட் பிசினஸ்" என்று அலட்டிக்கொள்கிறவன். இவன் போய் தனக்குக் கல்லூரி பார்ப்பதா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அப்பா இல்லாத வீட்டில் ஃபீஸ் கட்டப்போவது அவன்தான். பல்லைக் கடித்துக்கொண்டு வேனில் ஏறினாள்.

"கெமிஸ்ட்ரிதான் படிப்பேன். இப்பவே சொல்லிட்டேன்."

"தாராளமா படி. நம்ம கைக்கு எட்டுற மாதிரி நாலு காலேஜ் இருக்கு. நேர்ல பார்த்துட்டு அப்ளை பண்ணலாம்."

முதல் கல்லூரியின் வாசலில் நீரூற்று துள்ளிக்கொண்டிருந்தது. அண்ணனைப் பார்த்ததும் காவலாளி ஒன்றும் கேட்காமல் கேட்டைத் திறந்தார். முதல்வரே எதிரே ஓடி வந்து ஆய்வகத்தைக் காட்டினார். கண்ணாடிக் குடுவைகளும் புத்தம்புதுத் தராசுகளும் வரிசையாக மின்னின. தங்கை சொக்கிப்போய் நின்றாள்.

அண்ணன் மேஜையை விரலால் தடவிப் பார்த்தான். "ஒரு கறை இல்ல, ஒரு சூடு பட்ட தழும்பு இல்ல. ஆசிட் சிந்தாத இடத்துல என்ன கெமிஸ்ட்ரி? இது லேப் இல்லம்மா, ஷோரூம்."

முதல்வர் கோபப்படுவார் என்று பார்த்தால், அசட்டுச் சிரிப்பு சிரித்தார். கிளம்பும்போது அண்ணனைத் தூணுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போய், அவன் சட்டைப் பையில் ஒரு கவரைச் செருகினார். தங்கை அதைப் பார்த்துவிட்டாள். பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இரண்டாவது கல்லூரியில் வெள்ளை முடி, தங்க பிரேம் கண்ணாடி சகிதம் ஒரு பேராசிரியர் உட்கார்ந்திருந்தார். துறைத்தலைவராம். அணுவைப் பற்றி அவர் ஆரம்பித்தால் அணு அணுவாக ரசிக்கலாம் போலிருந்தது. அண்ணன் நடுவில் புகுந்தான்.

"அடுத்த வாரமும் இங்கதான் இருப்பீங்களா சார்?"

பேராசிரியருக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது.

"கேட்டியா? இவரை நம்பிச் சேர்ந்தா கடைசி வரைக்கும் இருமலைத்தான் கேட்டுட்டு இருக்கணும்," என்றான் அண்ணன் படியிறங்கும்போது. பின்னாலேயே தாளாளர் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார். இங்கேயும் ஒரு கவர். "மீதியை அடுத்த மாசம் செட்டில் பண்ணிடறேன், தம்பி கோவிச்சுக்கக் கூடாது," என்று அவர் குழைந்தது தங்கையின் காதில் தெளிவாக விழுந்தது.

மூன்றாவது இடத்தில் நூலகம். அண்ணன் அலமாரியிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை உருவி அவள் மூக்கருகே நீட்டினான். "மோந்து பாரு. அச்சு வாசனைகூடப் போகல. இங்க எவனும் புஸ்தகத்தைத் தொட்டதே இல்ல." அங்கேயும் கவர் கைமாறியது.

வேன் கிளம்பியதும் தங்கை வெடித்தாள்.

"மூணு கவரையும் பார்த்துட்டேன். எனக்குக் கண்ணு அவிஞ்சு போகல!"

"அதனால?"

"அதனாலயா? சொந்தத் தங்கச்சியைச் சேர்த்துவிடக் கமிஷன் வாங்கற. ஒவ்வொரு இடத்துலயும் நொட்டை சொன்னா ரேட்டு ஏறும்னு கணக்கு. என்னை ஏலம் விட்டுட்டு இருக்கே நீ! வெட்கமா இல்ல?"

அண்ணன் ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பினான். நாலாவது கல்லூரிக்கு எதிர்ப்பக்கம் வேனை ஓரம் கட்டினான்.

"நீ மட்டும் போய்ட்டு வா. நான் வரல."

'இங்கே கவர் கிடையாது போலிருக்கு. அதான் துரைக்கு இறங்க மனசில்லை' என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு அவள் உள்ளே போனாள்.

சுவரில் காரை பெயர்ந்திருந்தது. ஆய்வகத்து மேஜைகளில் கண்ட இடத்திலெல்லாம் கருகல். கோட்டில் பொத்தல் விழுந்த ஒரு பேராசிரியை, "சும்மா வேடிக்கை பார்க்கவா வந்தே? இதைப் பிடி," என்று ஒரு சோதனைக் குழாயை அவள் கையில் திணித்தார். அவள் தப்பாகச் செய்தாள். திட்டு விழுந்தது. திரும்பவும் செய்தாள். இந்தத் தடவை குழாய்க்குள் நீலம் மெல்ல மெல்ல விரிந்தது. "ம்" என்றார் பேராசிரியை. அந்த ஒரு 'ம்'மிலேயே தங்கைக்குத் தலைகால் புரியவில்லை. அலுவலகத்தில் ஃபீஸை விசாரித்தாள். மற்ற மூன்றையும்விடக் குறைவு.

முகமெல்லாம் மலர்ந்து வேனுக்குத் திரும்பியவள், அண்ணனைக் கண்டதும் விறைத்துக்கொண்டாள்.

"இங்கதான் சேரப்போறேன். உன் கமிஷன் போச்சேன்னு மூக்கால அழுதாலும் சரி."

"சேரு. நானும் இதைத்தான் சொல்லலாம்னு இருந்தேன்."

"ஓஹோ! வாசல்படிகூட மிதிக்கல. இது நல்ல காலேஜ்னு உனக்கு எப்படித் தெரியும்?"

அண்ணன் சாவியைத் திருகினான்.

"இன்ஸ்பெக்ஷன் வந்தா லேப் சாமான், புஸ்தகம், புரொபசர் எல்லாத்தையும் வாடகைக்குக் கொண்டுபோய் இறக்கறதுதான் என் பிசினஸ். 'போலீஸைக் கூப்பிடுவேன்'னு என்னை கேட் வாசல்லயே விரட்டி விட்டது இந்த ஒரு காலேஜ்தான்."