யாரைக் கேட்டு மாற்றினாய்?

“யாரைக் கேட்டு இதுல கை வெச்சே?”

புருஷோத்தமன் போட்ட சத்தத்தில் கம்ப்யூட்டர் பிரிவு மொத்தமும் நிமிர்ந்து பார்த்தது. வேலைக்குச் சேர்ந்து நாலே மாதமான ஜூடித் எழுந்து நின்றாள்.

சனத்நகர் தொழிற்சாலைக்காக, புதுசாக வந்திருந்த சி பிளஸ் பிளஸ்ஸில் அவர் ஒரு வருஷம் முதுகொடிய எழுதிய புரோகிராம் அது. ‘ஊழியர்’ என்று ஒரு தாய் வகுப்பு. ஓய்வுபெறும் தேதியைக் கணக்கிடும் ஃபங்ஷன் அதில் இருக்கும். அதிகாரி, கிளார்க், கடைநிலை ஊழியர் என்று அதிலிருந்து கிளைத்த வகுப்பெல்லாம் அதையே அப்படியே வாங்கிக்கொள்ளும். யாருக்கு ஐம்பத்தெட்டு முடிந்தாலும் கடிதம் அச்சாகித் தபாலில் போய்விடும்.

இந்தப் பெண், கடைநிலை ஊழியர் வகுப்பில் அதே பெயரில் வேறொரு ஃபங்ஷன் எழுதி, அவருடையதை ஓரங்கட்டியிருந்தாள்.

“சார், அவங்களுக்கு மட்டும்...”

“பேசாதே! நான் எழுதினதை ஓவர்ரைட் பண்ற அளவுக்குப் பெரிய ஆளாயிட்டியா? பதினெட்டு வருஷ சர்வீஸ். என் லாஜிக்ல ஒரு தப்பு வந்ததில்லை, தெரியுமா?”

“ஸாரி சார்.”

அவள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருந்தால்கூட ஆத்திரம் அடங்கியிருக்கும். அறைக்குப் போய் மெமோ எழுத உட்கார்ந்தார். அழுத்திய அழுத்தலில் பேனா காகிதத்தைக் கிழித்தது.

பியூன் அய்யாக்கண்ணு டீயை வைத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

“என்னய்யா?”

“நக்கோ சார், வேணாம். அந்தப் பொண்ணுக்கு மெமோ கிமோ குடுத்துடாதீங்க.”

“அவ பண்ணின காரியம் உனக்கென்ன தெரியும்?”

“தெரியும் சார். எங்க கிரேடுக்கு ரிட்டயர்மென்ட் அறுபதுல. போன மாசம் எனக்கு ஐம்பத்தெட்டுலயே லெட்டர் வந்துடுச்சு. வீட்ல யாருக்கும் சோறு எறங்கல. ஜி.எம். கிட்ட புகார் குடுக்க யூனியன் ஆளுங்களோட கெளம்பிட்டேன்.”

புருஷோத்தமனின் பேனா நின்றது.

“அதுக்குள்ள அந்தப் பொண்ணே மல்காஜ்கிரியில என் வீடு தேடி வந்து, ‘புரோகிராம்ல நான் பண்ணின தப்பு, சரி பண்ணிட்டேன், லெட்டரும் ரத்தாயிடுச்சு’ன்னு கையெடுத்துக் கும்பிட்டுச்சு. சின்னப் பொண்ணு சார், தெரியாமப் பண்ணிடுச்சு. மன்னிச்சு விட்டுருங்க.”