பதினோரு நாள்

"ஆப்ல ஒரு பட்டனை இடம் மாத்த பதினோரு நாளா சார்? வெளியில சொன்னா கைகொட்டிச் சிரிப்பாங்க."

மேனேஜர் அறைக்குள் நுழைந்ததுமே பொரிந்து தள்ளினேன்.

பின்னே என்ன? என் டீமில் புரோகிராம் எழுதுகிறவர்கள் இரண்டே நாளில் முடித்துவிடுகிறார்கள். அதை நான் சரிபார்த்து ஓகே சொல்ல வேண்டும். பிறகு டெஸ்டர் அக்கா ஓட்டிப் பார்த்து வெளியே அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் வேலை.

ஒவ்வொரு வேலையும் கம்ப்யூட்டரில் ஒரு கார்டாக, ஒருவர் கட்டத்திலிருந்து அடுத்தவர் கட்டத்துக்கு நகரும். என் கட்டத்தில் கிடந்தால் நாள் என் பேரில் ஏறும், அக்கா கட்டத்தில் கிடந்தால் அக்கா பேரில். போன மாதம் என் பேரில் அரை நாள்கூட இல்லை. அக்கா பேரில் ஒவ்வொரு கார்டுக்கும் எட்டு, ஒன்பது நாள்.

"அவங்களை எடுத்துட்டா வேற டீம்ல இடமில்ல. வீட்டுக்குத்தான் அனுப்பணும். யோசிச்சு சொல்லுங்க" என்றார் மேனேஜர்.

"இதுல யோசிக்க என்ன சார் இருக்கு? பாவம் பார்த்தா மொத்த டீமுக்கும் கெட்ட பேரு. சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்குறதுக்கும் ஒரு அளவு வேணாமா?"

மேனேஜர் அக்காவைக் கூப்பிட்டனுப்பினார். வந்தவரிடம் திரையைத் திருப்பிக் காட்டினார்.

"இந்த கார்டு உங்ககிட்ட ஒன்பது நாள் இருந்திருக்கு. ஏன்?"

அக்கா என்னை ஒரு தரம் பார்த்தார்.

"என் தப்புதான் சார். இனிமே சீக்கிரம் முடிச்சுடறேன்."

"பார்த்தீங்களா, அவங்களே ஒத்துக்கிட்டாங்க" என்றேன். எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு காரணம் சொல்லக்கூட வாய் வரவில்லையே.

மேனேஜர் விடுகிற ஆளில்லை. யார் எந்தத் தேதியில் என்ன செய்தார்கள் என்ற பட்டியலைத் திறந்தார். படிக்கப் படிக்க அவர் நெற்றி சுருங்கியது. அக்காவிடம் திரும்பினார்.

"மூணாம் தேதி நீங்களே கார்டை உங்க கட்டத்துக்கு இழுத்திருக்கீங்க. ஆனா இவர் அதைச் சரிபார்த்தது பன்னெண்டாம் தேதி. அன்னிக்கே நீங்க ஓட்டிப் பார்த்து அனுப்பிட்டீங்க."

அடுத்த கார்டைத் திறந்தார். அதிலும் அதே கதை. அதற்கடுத்ததிலும்.

ஆஸ்பத்திரிக்கும் ஆபீசுக்குமாக அலைந்த மாதம் அது. எதை என்றைக்குப் பார்த்தேன் என்று எனக்கே நினைவில்லை.

"அவர் பார்க்காத கார்டை நீங்க ஏன் இழுத்து வச்சுக்கிட்டீங்க?" என்றார் மேனேஜர்.

அக்கா தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அப்போ இந்தத் தம்பியோட பொண்ணு ஐசியூவில இருந்துச்சு சார். நாள் அவர் பேர்ல ஏறியிருந்தா, இன்னிக்கு நீங்க அவரைத்தானே இப்படி நிக்க வச்சிருப்பீங்க?"