லைட்டரண்ணனுக்கு ஒரு பொட்டு

துப்பாக்கிக் கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு குட்டிக் கைத்துப்பாக்கி இருந்தது. சட்டைப் பையில் அடங்கிவிடுகிற உடம்பு. சுவரில் இருந்த பல்லி தினமும் அதைப் பார்த்து, "என்ன லைட்டரண்ணே, பீடிக்கு நெருப்பு இருக்கா?" என்று கேட்கும். குட்டிக்கு மானம் போயிற்று. பல்லியின் நெற்றியில் ஒரு சிவப்புப் பொட்டு விழுந்தால் கொட்டம் அடங்கிவிடும் என்று முடிவுகட்டி, பக்கத்துத் தட்டில் இருந்த, துப்பாக்கி முதுகில் மாட்டிச் சிவப்புப் பொட்டால் குறிபார்க்கிற ரெட் டாட் குறிக்கண்ணாடிகளிடம் பெண் பார்க்கப் போனது.

முதலாவது டிவிப்பெட்டி அகலம். "என்னைத் தூக்கினா உனக்கு இடுப்புப் பிடிச்சுக்கும் தம்பி" என்று அதுவே சொல்லிவிட்டது. கடைசியில் இருந்த பொடிசு முதுகில் ஏறி, அளவெடுத்துத் தைத்தது போல உட்கார்ந்தது.

"பத்துப் பொருத்தமும் இருக்கு" என்ற குட்டி, நேரே பல்லியை நோக்கித் திரும்பியது. பல்லி அசையவில்லை.

"என்னண்ணே, மூக்குக்கண்ணாடி போட்டாச்சா?"

"பொட்டு எங்கே?" என்று குட்டி பொடிசிடம் கிசுகிசுத்தது.

"எரியுதுங்க. ஆனா அவர் மேல விழாது. நமக்குப் பின்னால நின்னு பார்க்கிறவங்களுக்கு மட்டும்தான் தெரியும்."

குட்டி தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டது:

"பல்லியண்ணே, கொஞ்சம் பின்னால வந்து நின்னு பயப்படுறீங்களா?"