ஆடாத பொம்மை

பாறை மேல் ஏறுவதற்கென்றே தேவசகாயம் தன் கையால் ஒரு டிரக் கட்டினார். அதன் டேஷ்போர்டில் ஒரு தலையாட்டிப் பொம்மையை ஒட்டிவைத்தார். எந்தப் பாறையில் ஏறினாலும் பொம்மையின் தலை ஆடக் கூடாது. ஆடினால் சஸ்பென்ஷன் சரியில்லை என்பது அவர் கணக்கு.

அது ஆடவே இல்லை. குலுக்கல் எல்லாவற்றையும் கீழேயிருந்த ஸ்பிரிங்கே வாங்கிக்கொண்டது.

"அண்ணே, ஆடத்தானே என்னைச் செஞ்சாங்க? ஒரே ஒரு குலுக்கலை மேல விடுங்களேன்" என்று பொம்மை தினமும் கெஞ்சும்.

"நீ ஆடுறதைப் பார்க்கணும்னு எனக்கும் ஆசைதாம்மா. கீழ இருந்து எங்க தெரியுது?" என்று ஸ்பிரிங் சொல்லும்.

ஒருநாள் மனசு கேட்காமல், ஒரு பாறையில் ஸ்பிரிங் அமுங்காமல் விறைத்து நின்றது. பொம்மை ஆசை தீர ஆடியது.

தேவசகாயம் அன்றைக்கே ஸ்பிரிங்கைக் கழற்றிப் பட்டறை மூலையில் போட்டுவிட்டு வேறொன்றை மாட்டினார். மூலையிலிருந்து பார்த்தபோது, வண்டிக் கண்ணாடி வழியே பொம்மை அதற்கு முதல்முறையாகத் தெரிந்தது.

"வாசல்ல பெரிய கல் கிடக்கு. அதுல ஏறும்போது ஆடும்மா, பார்க்கிறேன்" என்றது ஸ்பிரிங்.

வண்டி கல்மேல் ஏறி இறங்கியது. புது ஸ்பிரிங் ரொம்ப நல்ல ஸ்பிரிங்.