மாதக் கடைசி ஞாயிறு

"மாப்பிள்ள வீட்ல விஷயம் தெரிஞ்சுபோச்சுங்க. அதான் இந்த ஞாயித்துக்கிழமையும் தோதுப்படாதுன்றாங்க" என்று சொல்லி, ரஹமத்துன்னிசா போனைக் கட்டில்மேல் போட்டாள்.

நசீர் அகமது ஜன்னல் வழியே வெளியே பார்த்தார். ஷெட்டில் தார்ப்பாய்க்கு அடியில் நிற்கும் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரைத்தான் மனைவி சொல்கிறாள் என்று அவருக்குப் புரிந்தது.

வேங்கிக்காலில் பெயின்ட் கடை வைத்திருக்கும் ஐம்பது வயது மனிதர், சென்னைப் பக்கத்து ரேஸ் டிராக்கில் போய் வண்டி ஓட்டுகிறார் என்று தெரிந்தால் யார் பெண் எடுப்பார்கள்? அதிலும் மாப்பிள்ளையின் அப்பா, கீழ்பென்னாத்தூர் ரைஸ்மில் ஜுபைர், சைக்கிளுக்குக்கூட ஒதுங்கி வழிவிட்டு வேன் ஓட்டுகிறவர். பெண் பார்க்க வந்த அன்று அவர் மனைவி குர்ஷித் பானு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார். நசீரின் மகள் நூரைனைப் பார்த்துச் சிரித்ததோடு சரி.

பெண் பிடித்திருக்கிறது என்று அன்றைக்கே சொல்லிவிட்டார்கள். நிக்காஹ் தேதி குறிப்பதுதான் பாக்கி. முன்னின்று பேச வேண்டிய ரஹமத்துன்னிசாவின் அண்ணன் மாதக் கடைசி ஞாயிறு மட்டும்தான் பெங்களூரிலிருந்து வருவார். டிராக்கில் வெளியாட்களை ஓட்ட விடுவதும் அதே ஞாயிறுதான்.

என்ன பொய் சொல்லி நழுவுவது என்று நசீர் முழித்துக்கொண்டிருக்கும்போதே, 'அன்னிக்கு வேணாம்' என்று மாப்பிள்ளை வீட்டிலிருந்தே செய்தி வந்துவிடும். முதல் இரண்டு மாதம் அது அவருக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. மாதங்கள் ஓட ஓட, கார் விஷயம் தெரிந்துதான் தள்ளிப்போடுகிறார்களோ என்று சந்தேகம் வந்தது. நூரைன் எதுவும் கேட்பதில்லை. அதுதான் அவரை அரித்தது.

சரி, ஆசைப்பட்டு வாங்கிய காரை ஓட்டுவதிலாவது சுகம் உண்டா? அதுவும் இல்லை. ஊர் ரோட்டு வேகத்தடை ஒவ்வொன்றிலும் காரின் அடிவயிறு உரசும். ஒரு மாதம் பௌர்ணமி கிரிவலக் கூட்டத்துக்காகச் சாலைகளை அடைத்துவிட, ஊரை விட்டே வெளியேற முடியவில்லை. இன்னொரு மாதம் டிராக் முழுக்க மழைத் தண்ணீர். நன்றாகக் காய்ந்த நாளிலோ அந்த மஞ்சள் கார் வந்துவிடும்.

கண்ணாடியில் புள்ளியாகத் தெரியும். அடுத்த வளைவு முடிவதற்குள் அவருக்கு முன்னால் போய்க்கொண்டிருக்கும். ஓட்டுகிறவரின் முகத்தை யாரும் பார்த்ததில்லை. கறுப்புக் கண்ணாடி போட்ட ஹெல்மெட்டோடு நேராகக் கடைசி ஷெட்டுக்குள் போனதும் ஷட்டர் இறங்கிவிடும்.

"பிரேக்க ரொம்ப சீக்கிரம் புடிச்சிடறீங்க சார். அந்த மஞ்ச வண்டிய பாருங்க" என்று பயிற்சியாளர் இளவரசன் சொல்லும்போதெல்லாம் நசீருக்குப் பற்றிக்கொண்டு வரும். எவனோ பணக்கார வீட்டுப் பையன், கல்யாணத்துக்கு நிற்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் இப்படி ஓட்டுவானா என்று மனதுக்குள் பொருமுவார்.

இந்த ஞாயிறோடு சீசன் முடிகிறது. காரும் இதோடு சரி, விற்றுவிடுகிறேன் என்று ரஹமத்துன்னிசாவிடம் சொன்னார். அவள் சண்டை போடுவாள் என்று பார்த்தார். அவளோ அவருக்கு வழிக்குச் சப்பாத்தி கட்டிக் கொடுத்தாள்.

கடைசி நாள் என்ற ஆத்திரத்தில் அன்று மிதித்து ஓட்டினார். கண்ணாடியில் மஞ்சள் தெரிந்தது. இன்றைக்கு விடுவதில்லை என்று பிரேக்கைத் தள்ளிப் பிடித்தார், ரொம்பவே தள்ளிவிட்டார். வண்டி ஒரு சுற்றுச் சுற்றிப் புல்லில் போய் நின்றது. எஞ்சின் அணைந்த அமைதியில் மஞ்சள் கார் உறுமிக்கொண்டு கடந்து போனது.

ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தார். ஒரு சீசன் முழுக்க ஓட்டியும் ஒன்றும் தேறவில்லை. மகள் கல்யாணத்தைக் கெடுத்ததுதான் மிச்சம்.

வண்டியைக் கட்டி இழுத்து வந்து விட்டார்கள். தன்னை இப்படி ஓட ஓட விரட்டியவன் முகத்தையாவது பார்த்துவிட்டுப் போகலாம் என்று கடைசி ஷெட்டுக்கு நடந்தார். ஷட்டர் இன்னும் இறங்கவில்லை. மஞ்சள் காரின் முன்சக்கரத்தருகே ஒருவர் குந்தி உட்கார்ந்திருந்தார். கையெல்லாம் கிரீஸ்.

ரைஸ்மில் ஜுபைர்.

நசீருக்கு ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஜுபைர் சலாம் சொல்லிக்கொண்டே தடுமாறி எழுந்தார்.

"வித்துடறேன் பாய். நாளைக்கே வித்துடறேன். என்னால பொண்ணு வாழ்க்கைய..." என்று ஆரம்பித்த நசீர் பாதியில் நிறுத்தினார். மஞ்சள் காரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். இத்தனை மாதக் கோபமும் ஒன்றாக மேலே வந்தது. "நீங்க ஓட்டலாம், நான் ஓட்டக்கூடாதா? இதுக்காகவா எங்கள இத்தனை மாசம் இழுத்தடிச்சீங்க?"

"நானா? எனக்கு டயர் கழட்டத்தான் பாய் தெரியும்" என்று ஜுபைர் பரிதாபமாகக் காரின் பக்கம் திரும்பினார்.

கதவு திறந்தது. ஹெல்மெட்டைக் கழற்றிப் பக்கத்து சீட்டில் வைத்துவிட்டு, நெற்றி வேர்வையைத் துடைத்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டு இறங்கினார் குர்ஷித் பானு. நசீரைக் கண்டதும் ஒரு கணம் திகைத்து நின்றார். பிறகு பெண் பார்க்க வந்த அன்று சிரித்த அதே சிரிப்பைச் சிரித்தார்.

"சீசன் முடிஞ்சிடுச்சு சம்பந்தி, இனிமே எந்த ஞாயித்துக்கிழமைன்னாலும் நிக்காஹ் பேச வர்றோம்."