நேட்டிவ்

கார் ஜன்னலுக்குள் முதலில் இரும்புக் கம்பி நுழைந்தது. கேள்வி அதன் பிறகுதான் வந்தது.

“நேட்டிவ் யாவுது?”

“பெங்களூருதான். பிறந்ததே இங்கேதான்,” என்றான் அவன், சுத்தமான கன்னடத்தில்.

பொய்யில்லை.

அவன் ஆங்கில வாத்தியார். நேட்டிவ் என்றால் பிறந்த இடம். லோக்கல் என்றால் இப்போது குடியிருக்கும் இடம். இன்டிஜினஸ் என்றால் எல்லாருக்கும் முன்பே அந்த மண்ணில் இருந்தவர்கள். வகுப்பில் இதை ரசித்து ரசித்துச் சொல்வான். நேட்டிவ் எது என்றதும் தாத்தாவின் கிராமத்தைச் சொல்லும் பிள்ளைகளைக் கிண்டலடிப்பான்.

கம்பிக்கு இந்த வித்தியாசமெல்லாம் தெரியாது.

முன்னால் ஒரு லாரி எரிந்துகொண்டிருந்தது. தமிழ்நாட்டு நம்பர். அதன் டிரைவர் ரோட்டில் குப்புறக் கிடந்தார். காவிரித் தண்ணீர் கேட்குதா உனக்கு என்று கேட்டுக் கேட்டு ஒரு கும்பல் அவரை மிதித்தது.

கம்பி பின்சீட்டுப் பக்கம் திரும்பியது. அவன் மனைவி மேகலையின் மடியில் குழந்தை. புது மொட்டை. தலை நிறையச் சந்தனம்.

“முடி எங்கே எடுத்தீங்க?”

முதல் மொட்டை குலசாமிக்கு. குலசாமி இருப்பது தமிழ்நாட்டில், தாத்தாவின் கிராமத்தில். அந்த வழக்கம் கேட்டவனுக்கும் நன்றாகவே தெரிந்திருந்தது.

“தர்மஸ்தலா,” என்று கர்நாடகத்துக் கோயில் ஒன்றைச் சொன்னான்.

“தர்மஸ்தலாவிலிருந்து ஓசூர் ரோட்டிலா வர்றே?”

கீழே கிடந்த டிரைவர் தலையைத் தூக்கினார்.

வரும் வழியில் கிருஷ்ணகிரி டீக்கடையில் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சியவர். எந்தக் கோயில் மொட்டை என்று கேட்டவர். மேகலை பெருமையாகச் சொன்னாள். “அட, எங்க பக்கத்து ஊரும்மா!” என்று குழந்தையின் கையில் பிஸ்கட் கொடுத்தவர்.

இப்போது அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். காரோடு மூன்று பேரும் எரிந்துபோவார்கள்.

“இந்த ஊர்க்காரன்தானே? இறங்கு. இவனை அடி,” என்று டிரைவரைக் காட்டினான் கம்பிக்காரன்.

கம்பி கை மாறியது. சூடாக இருந்தது.

“சீக்கிரம் அடிச்சிட்டு வாங்க,” என்றாள் மேகலை. அவளும் கன்னடத்தில்தான் சொன்னாள்.

டிரைவர் அவனைப் பார்த்தார். காருக்குள் இருந்த குழந்தையைப் பார்த்தார்.

கண்ணை மூடிக்கொண்டார். வாயைத் திறக்கவில்லை.

மெதுவாக அடிக்கலாம் என்றுதான் ஓங்கினான். சுற்றி நின்றவர்கள் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பயத்தில் கை அவன் பேச்சைக் கேட்கவில்லை.

எலும்பு முறிந்த சத்தம் கேட்டது.

யாரோ அவன் முதுகில் தட்டினார்கள்.

“நம்ம ஆளுதான். விடு, போகட்டும்.”

கார் நகர்ந்தது. அவனுக்குத் தன் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஸ்டியரிங்கில் வைத்திருந்தான்.

பின்சீட்டில் மேகலை முந்தானையால் குழந்தையின் தலையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

சந்தனம் எப்போதோ போய்விட்டது. தோல் சிவந்துவிட்டது. குழந்தை வீறிட்டு அழுதது.

அவள் துடைத்துக்கொண்டே இருந்தாள்.