கணக்கில் வராத கற்குவியல்

ஹால்தோருக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. கூடாரத்துக்கும் ஏரிக்கரைக்குமாக நடந்துகொண்டே இருந்தான். கையில் பென்சில்.

பெட்டிமேல் வரைபடத் தாள் விரிந்து கிடந்தது. குன்றுக்குக் குன்று அடையாளத்துக்குக் கற்களைக் குவித்து, எண் போட்டு, கோடை முழுக்க அளந்த ஆற்றின் போக்கு அதில் ஏறிவிட்டது. ஆறு வந்து சேரும் ஏரிக்கு மட்டும் இன்னும் பெயர் எழுதவில்லை.

ஏற்றிப்போக, தண்ணீரில் இறங்கும் மிதவை விமானம் வருகிற நேரம்.

அண்ணன் எய்னார் இந்த ஏரிப் பக்கம்தான் காணாமல் போனான். பொறி வைத்து நரி பிடிக்க வந்தவன், மூன்று வருஷமாகத் திரும்பவில்லை. ஏரிக்கு அவன் பெயரை வைக்க வரைபட அலுவலகம் சம்மதித்திருந்தது. ஆனால் உயிரோடு இருப்பவர்களின் பெயரை வரைபடத்தில் ஏற்றுவது வழக்கமில்லை; பெயர் ஏறினால் அவன் செத்துவிட்டான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும்.

அண்ணி குத்ரூன் மசியவில்லை. இன்னும் சாப்பாட்டு மேசையில் அவனுக்கு ஒரு தட்டு வைக்கிறாள். செத்தவனுக்குத் தட்டு எதற்கு என்று அவளோடு மல்லுக்கு நின்றவன் ஹால்தோர்தான். இந்த முறை எழுதிவிட்டுத்தான் மறுவேலை என்று சபதம் போட்டுவிட்டுக் கிளம்பியிருந்தான்.

கூட அளக்க வந்த மொய்ஸுக்கு வாய் ஓயாது. தேநீரை நீட்டியபடி சொன்னான்:

"எழுதித் தொலையேன்யா. கோடை பூரா அதைத்தானே பேசிக்கிட்டிருந்தே?"

ஹால்தோர் தேநீரை வாங்காமல் மறுபடி கரைப்பக்கம் நடந்தான். விடிகாலையில் மீன் பிடிக்கிறேன் என்று தனியாகப் போய், வெறுங்கையோடு திரும்பியதிலிருந்தே இப்படித்தான். நகக்கண்ணெல்லாம் ரத்தம். கேட்டால், பாறை வழுக்கிவிட்டதாம்.

விமானம் வந்து இறங்கியது. ஹால்தோர் தாளைச் சுருட்டிக் குழாய்க்குள் செருகினான். ஏரிக்குப் பெயர் இல்லை.

மேலே எழும்பியதும் மொய்ஸ் கீழே காட்டினான்.

"அந்த முனையில ஒரு கற்குவியல் தெரியுதே, நம்மளுதா? நம்பர் என்ன?"

"அது கணக்குல வராது."

மொய்ஸ் ஜன்னல் கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தான். அவர்கள் கட்டும் குவியல்கள் வட்டமாக, இடுப்புயரம் இருக்கும். இது தாழ்வாக, ஓர் ஆள் படுத்த நீளத்துக்கு இருந்தது.

அவன் மெல்லத் தொப்பியைக் கழற்றினான்.

ஹால்தோர் வரைபடக் குழாயை மடியில் வைத்தபடி சொன்னான்:

"அண்ணி இன்னிக்கும் தட்டு வச்சிருப்பா. வைக்கட்டும்."